வானிற் கண்டதும் வாயாற் சொன்னதும்

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக மலையேறி, றிவஸ்டன் கணவாயைக் கடந்து, இலுக்கும்புரைப் பக்கமாகக் கீழிறங்கினாற் பல்லேகம வரும். பழைய பல்லேகம இப்பொழுது களுகங்கை நீர்த்தேக்கத்தின் அடியிலே கிடக்கின்றது. ஊரார் மேட்டு நிலத்திலே புதிதாகக் குடியமர்ந்துள்ளனர். இருள் நன்கு செறியும் இடமாதலின், எமது கல்லூரிப் பழைய மாணவர் சிலரும் உயர்வகுப்பு மாணவர் சிலரும் சேர்ந்த எம் சிறு வானோக்கற் குழு, ஆகஸ்டு மாதத்து எரிவெள்ளிப் பொழிவைக் காண்பதற்கென ஓராண்டு அவ்விடத்தைத் தெரிந்தெடுத்தது.

விடியற்காலம் ஐந்து மணிக்குச் சிறிது முன்னதாக, நடுவானிலே ஓர் ஒளிப்பொட்டு தோன்றிற்று. அதன்பின் மற்றொன்று, அதன்பின் இன்னொன்று. நூலிற் கோத்த மணிகள் போல, ஓசை சிறிதுமின்றி, அவை வரிசையாகக் கிழக்கு நோக்கிச் சென்றன. இருபத்தைந்து வரை எண்ணினோம்; அப்பால் எண்ணிக்கை தவறிற்று. மாணவர் ஒருவர் அதனைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்துவிட்டு, "சேர், இதை இப்பவே பேப்பருக்கு அனுப்புவமா?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த ஆவல் எம் உள்ளத்திலும் இருந்ததென்பதை மறைப்பானேன்?

காலைத் தேநீர் அருந்துமுன் விடை கிடைத்தது. 2019 மே மாதம் முதன்முறையாக அறுபது செய்ம்மதிகளை ஒருசேர ஏவிய ஸ்டார்லிங்க் திட்டத்தின் புதிய கூட்டமொன்றே அது. ஏவிய சில நாள்களுக்கு இச்செய்ம்மதிகள் தாழ்வாகவும் நெருக்கமாகவும் செல்வதால், உதயத்துக்கு முன்னும் அத்தமனத்துக்குப் பின்னும் ஞாயிற்றின் ஒளி பட்டு இவ்வாறு தோன்றும். படத்தை அனுப்பியிருந்தால், ஒருநாட் பெருமையும் பல ஆண்டு நகைப்பும் எமக்கு வாய்த்திருக்கும்.

எம்மைச் சிந்திக்க வைத்தது அதுவன்று. நீர்த்தேக்கத்தின் அருகே, யானைக்கு அஞ்சி வயலிற் பரண் அமைத்துக் காவலிருந்த முதியவர் ஒருவர் எம்மிடம் வந்தார். சிங்களத்தில் அவர் சொன்னதை எம்முள் ஒருவர் தமிழாக்கினார். "மாத்தையாமார் சிரிக்க மாட்டீர்கள் என்றாற் சொல்கிறேன்" என்று தொடங்கி, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் ஓரிரவு நீரின் மேலே ஒரு சிவந்த வெளிச்சம் நெடுநேரம் அசையாது நின்று, பின் தாழ்ந்து மறைந்ததென்றார். நாள் அவருக்கு நினைவில்லை. வீட்டாரிடம் சொன்னபோது குடித்திருந்தாரோ என்று கேட்டனராம். அவர் சென்றதும் எம் மாணவர், "வேறொன்றுமில்லை, கொள்ளிவாய்ப் பேய்தான். சதுப்பு வாயு என்று பாடத்திற் படித்தோமே" என்றார்.

அச்சொல் எமக்கு 1966ஆம் ஆண்டை நினைவூட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதம் அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தில் டெக்ஸ்ரர், ஹில்ஸ்டேல் என்னும் ஊர்களிற் பலர் இரவில் விந்தையான ஒளிகளைக் கண்டனர். விமானப்படையின் ஆலோசகரான வானியற் பேராசிரியர் அலன் ஹைனெக் விசாரணைக்கு அனுப்பப்பட்டார். ஊரெங்கும் பரபரப்பு, பத்திரிகையாளர் கூட்டம் கூட்டமாய் வந்து விடை கேட்டனர். சில நாள் விசாரணையின் பின், மார்ச்சு 25ஆந் தேதி டெற்றோயிற் நகரிற் பத்திரிகையாளரைச் சந்தித்த ஹைனெக், அவ்விரு காட்சிகளுக்கும் சதுப்பு வாயு காரணமாயிருக்கலாம் என்றார். "கண்ட ஒளியனைத்தும் சதுப்பு வாயுவே" என்று அவர் சொன்னாரல்லர். ஆயினும் மறுநாட் பத்திரிகைகளில் எஞ்சியவை அவ்விரண்டு சொற்களே. நாடெங்கும் கேலிச்சித்திரங்கள் வெளிவந்தன. கண்டவர்கள் தம்மை மூடராக்கிவிட்டதாகச் சினந்தனர். பின்னாளிற் சனாதிபதியான ஜெரால்ட் போர்ட், அந்நாளில் மிச்சிக்கன் பிரதிநிதியாக இருந்தவர், பாராளுமன்ற விசாரணை வேண்டுமென்றார், அதுவும் நடைபெற்றது. ஹைனெக் சொன்னது பிழையென்றே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆராய்ச்சி முடியுமுன் சொன்னார் என்பதே அவர்மேல் வந்த குறை. அதே ஹைனெக் 1973இல் விமானப்படையைச் சாராத ஆராய்ச்சி நிலையமொன்றைத் தாமே நிறுவினார்.

இத்துறையிற் சொல்லுக்கு உள்ள வலிமை தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. 1947 யூன் 24ஆந் தேதி விமானமோட்டி கெனத் ஆணல்ட் தாம் கண்ட ஒன்பது பொருள்கள் நீர்மேல் எறிந்த தட்டுத் தத்திச் செல்வதுபோற் சென்றன என்றார். அவர் உவமித்தது அசைவை. பத்திரிகைகள் கொண்டது வடிவை. "பறக்குந் தட்டு" இவ்வாறு பிறந்தது. அதன்பின் உலகத்தார் பலரும் தட்டுகளையே காணத் தலைப்பட்டனர்!

1952இல் அமெரிக்காவிலும், பின்னர் இங்கிலாந்து முதலிய நாடுகளிலும், இத்தகைய செய்திகளை ஆராயத் தொண்டர் கழகங்கள் தோன்றின. இவற்றுக்கு அரசின் அதிகாரமில்லை, ஆய்வுகூடமில்லை, பெரும்பாலும் பணமுமில்லை. இருப்பது நற்பெயர் ஒன்றே. அதனைக் காக்கும் வழியிலே பல கழகங்கள் இடறின. 1956இற் பிறந்த பெருங்கழகமொன்று, மேஜர் டொனல்ட் கீஹோ என்பவரின் தலைமையில், விமானப்படை உண்மையை மறைக்கின்றதென்று போராடுவதிலே தன் ஆற்றலின் பெரும்பகுதியைச் செலவிட்டது. வழக்காடுபவன் தன் பக்கத்துச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வானோ?

இங்கிலாந்தில் 1970 மார்ச்சு 28ஆந் தேதி நடந்தது இன்னுங் கசப்பானது. வார்மின்ஸ்ரர் நகருக்கு அருகிலுள்ள குன்றொன்றில் ஆர்வலர் கூடி வானத்தை நோக்குவது வழக்கம். அவர்களைச் சோதிக்க விரும்பிய சிலர் எதிர்ப்புறத்திலிருந்து ஊதாநிற விளக்கொன்றை ஒளிரச் செய்தனர். கூட்டத்துள் நின்ற அவர்தம் கூட்டாளி ஒருவர், முன்னரே பொய்யுருவம் பதித்து வைத்திருந்த படச்சுருளிற் படம் எடுப்பவர்போல் நடித்தார். அப்படங்கள் மெய்யல்ல என்பதைக் காட்டும் முரண்களையும் வேண்டுமென்றே உள்ளே விட்டிருந்தனர். அத்துறையிற் பெயர்பெற்ற சஞ்சிகையொன்று படங்களை மெய்யென்று வெளியிட்டது. இரண்டாண்டுகளுக்கு மேலாகியும் ஏமாற்று வெளிப்படவில்லை. நேர்மைக்குறைவு ஒன்றும் அங்கில்லை. தாம் விரும்பிய விடையை ஐயுறுவார் இல்லாமையே குறை.

"இனந்தெரியாதது" என்னும் சொல்லும் பலரை மயக்குவது. அமெரிக்க விமானப்படை 1969இல் தன் விசாரணையை மூடியபோது, பதிவான 12,618 செய்திகளுள் 701 இனந்தெரியாதவை எனக் கணக்கிடப்பட்டன. அவை வேற்றுலகத்தன என்பது அதன் பொருளன்று. கையிலுள்ள விவரத்தைக் கொண்டு தீர்க்க முடியவில்லை என்பதே. பிரான்சு நாட்டு விண்வெளி நிலையம் 1977இல் அமைத்த பிரிவு இதனை நன்கு கையாளுகின்றது. தொண்டர்களும் அதன் விசாரணைகளுக்கு உதவுகின்றனர். உறுதியாகத் தெரிந்தது, பெரும்பாலுந் தெரிந்தது, விவரம் போதாதது, விவரமிருந்தும் விளங்காதது என்று நால்வகையாக வகுத்து, 2007 முதல் கோப்புகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டு வருகின்றது. கண்டவரின் பெயர் மட்டும் நீக்கப்படுகின்றது. விவரம் போதாததையும் விளங்காததையும் வேறுபிரித்ததே இதன் சிறப்பென்போம். பல கழகங்கள் அவ்விரண்டையும் ஒரே சாக்கிலிட்டு "மர்மம்" என்று எழுதி விற்றன. தீர்ந்த செய்திகளையும் வெளியிடுவதனால், தீராதவை எத்துணை அருமையானவை என்பதை வாசகர் தாமே அளந்தறிய முடிகின்றது.

எம் நாட்டுக்கு வருவோம். 2012 திசெம்பர் 29ஆந் தேதி மாலை வானில் ஒரு தீக்கோளம் கண்டதாகவும், பல்லேகமவுக்கு வடகிழக்கே மகாவலிக்கு அப்பாலுள்ள அரலகன்விலப் பக்கத்திற் கற்கள் வீழ்ந்ததாகவும் செய்தி வந்தது. கொழும்பிற் பிறந்து உலகப் புகழெய்திய பேராசிரியர் சந்திர விக்கிரமசிங்கவும் உடனாய்வாளரும் அக்கற்களில் நுண்பாசிகளின் எச்சங்களைக் கண்டதாக 2013 சனவரியிலேயே கட்டுரை வெளியிட்டனர். இரண்டு கிழமை தானும் முற்றாகக் கழியவில்லை. கட்டுரை வந்ததோ, பேராசிரியர்க்குத் தொடர்புள்ள சஞ்சிகையொன்றில். அப்பாசிகள் பூமியின் நன்னீரில் வாழ்வன என்றும், கற்கள் விண்கற்களே என்பது நிறுவப்படவில்லை என்றும் பிறர் மறுத்தனர். பேராசிரியரின் கல்வியில் எமக்குப் பெருமதிப்புண்டு. ஆயினும் முதற்கேள்விக்கு விடை காணுமுன் மூன்றாங் கேள்விக்கு விடையளித்த அவசரத்தை ஒப்புதல் இயலவில்லை.

இதற்கு எதிராக 2015 நவம்பர் 13ஆந் தேதியை வைத்துப் பார்க்கலாம். விண்ணிலே திரிந்த செயற்கைத் துண்டொன்று இலங்கையின் தென்கரைக்கு அப்பாற் கடல்மேல் வீழுமென்று பல நாள்களுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டது. விமானத்தில் ஏறிக் காத்திருந்த ஆராய்ச்சியாளர் கண்முன்னே, குறித்தபடி முற்பகல் 11.48 மணியளவில் அஃது எரிந்து வீழ்ந்தது. கணித்ததும் கணிப்பின் ஐயங்களும் முன்னரே வெளியிடப்பட்டிருந்தமையால் வதந்திக்கு இடமிருக்கவில்லை.

1956 முதல் எம் நாட்டில் வாழ்ந்த ஆதர் சி. கிளாக் தம்மைத் தாமே எள்ளிச் சொல்லும் கதையொன்றுண்டு. 1964 மே மாதம் நியூயோர்க்கிலே, திரைப்பட நெறியாளர் ஸ்ரான்லி கூப்ரிக்குடன் மாடியில் நின்றபோது, பேரொளிப் பொருளொன்று வானத்தே செல்லக் கண்டார். செய்தித்தாள் அட்டவணையில் அந்நேரத்துக்கு ஒரு செய்ம்மதியும் குறிக்கப்படவில்லை. விமானப்படைக்கு முறைப்படி அறிவித்தனர். விசாரித்தபோது அது எக்கோ என்னும் செய்ம்மதியே எனத் தெரிந்தது, அட்டவணையிலேதான் விடுபாடு. செய்ம்மதித் தொடர்பை உலகுக்கு முன்னறிவித்தவரே செய்ம்மதியைக் கண்டு மயங்கினாரெனின், பரண்மேல் நின்ற முதியவரை நகைப்பார் யார்?

ஆதலின் மாணவர் சொன்ன விளக்கத்தையும் நாம் எழுதவில்லை. சதுப்பு வாயுவாகலாம், மீன்பிடி விளக்காகலாம், அடிவானிலே தாழ்ந்த வெள்ளியாகலாம். 2012இல் இலடாக்கில் இந்தியப் படையினர் பல மாதம் உளவு விமானமென்று ஐயுற்றவை வெள்ளியும் வியாழனுமே என வானியலார் பின்னர்க் கண்டனர். ஆயினும் நாள் தெரியாதவிடத்து வெள்ளியின் நிலையை எங்ஙனம் கணிப்பது? முதியவரை மீண்டும் அழைத்து, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே பதிவேட்டில் எழுதினோம். பெயரை விடுத்து, "விவரம் போதாது" என்று வகை குறித்தோம். பின்னர் அதனைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டச் செய்தோம். அவர் நகையாது கேட்டிருந்து, "சிவப்பு" என்றிருந்த இடத்தைச் "செம்மஞ்சள்" என்று மாற்றும்படி வேண்டினார். மாற்றி எழுதி, ஓரத்திலே நாளும் இட்டோம்.