வீட்டு பிளக்குக்கும் ஆவடி ரெயிலுக்கும் ஒரே கணக்கு!

காலை 6 மணி. அம்பத்தூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம்.

குழந்தைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும். கணவர் தொழிற்பேட்டைக்கு முதல் "ஷிப்டு" வேலைக்குப் போகவேண்டும். வாளித் தண்ணீரில் ஹீட்டர் கிடக்கிறது. இன்னொரு பக்கம் சட்டைக்கு இஸ்திரி நடக்கிறது. இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகப்பட்டு இருக்கின்றன. அந்தப் பெட்டியின் ஒயர், சுவரில் உள்ள சின்ன பிளக்கில் சொருகப்பட்டு இருக்கிறது.

"என்னங்க, ஏதோ கருகுற வாசனை வருதே!" என்கிறார், மனைவி.

பிளக்கைத் தொட்டால் சுடுகிறது!

தகட்டில் இருக்கிறது விடை

பிளக் ஏன் சுட்டது? ஒரு வகுத்தல் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

ஹீட்டரில் "1,500 வாட்" என்று எழுதியிருக்கிறது. இஸ்திரிப் பெட்டியில் "1,000 வாட்" என்று இருக்கிறது. வாட் என்பது சக்தியின் அளவு. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். மாடித் தொட்டி உயர உயர, கீழே குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறது அல்லவா? அதுபோலத்தான். ஒயரில் ஓடும் மின்சாரத்தின் அளவு, ஆம்பியர்.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்.

ஹீட்டருக்கு 6.5 ஆம்பியர். இஸ்திரிப் பெட்டிக்கு 4.35 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 11 ஆம்பியர்!

சின்ன பிளக் தாங்கக்கூடியது 6 ஆம்பியர்தான். ஹீட்டர் ஒன்றே அதைத் தாண்டிவிட்டது. அதற்கென்று உள்ள பெரிய 16 ஆம்பியர் பிளக்கில்தான் ஹீட்டரைச் சொருகவேண்டும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒயரில் ஓடும் மின்சாரம் 2 மடங்கு ஆனால், ஒயரின் சூடு 4 மடங்கு ஆகும். 3 மடங்கு ஆனால், சூடு 9 மடங்கு! 6 ஆம்பியருக்குப் பதில் 11 ஆம்பியர் ஓடினால், சூடு 3 மடங்குக்கு மேல் போய்விடும். அதனால்தான் கருகல் வாசனை.

இந்த ஆபத்தைத் தடுக்கத்தான் பியூஸ் இருக்கிறது. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால், அந்த மெல்லிய கம்பி உருகி அறுந்துவிடும். சிலர், "அடிக்கடி போகிறதே" என்று தடித்த கம்பியைக் கட்டிவிடுகிறார்கள். பிறகு பியூஸ் போகாது. சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் எரியும்!

பூட்டுத் தொழிலாளியின் மகன்

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால், "மின்தடை" கிடைக்கும். மின்சாரம் ஓடுவதற்குக் கம்பி எவ்வளவு முட்டுக்கட்டை போடுகிறது என்பதே மின்தடை. அதன் அளவுக்குப் பெயர், ஓம். இது மந்திரத்தில் வரும் ஓம் அல்ல. ஒரு மனிதரின் பெயர்!

ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியில் பூட்டு செய்யும் ஒருவரின் மகன். பள்ளிக்கூட ஆசிரியராக வேலை பார்த்தார். இந்தக் கணக்கை 1827-ல் புத்தகமாக வெளியிட்டார். அப்போது சொந்த நாட்டில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. 14 ஆண்டுகள் கழித்து, 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் அளித்தது.

அவருடைய கணக்குப்படி, நம் இஸ்திரிப் பெட்டியின் மின்தடை சுமார் 53 ஓம். ஹீட்டருக்கு சுமார் 35 ஓம்தான். தடை குறைவாக உள்ள ஹீட்டர்தான் அதிக மின்சாரம் இழுக்கிறது. பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

வோல்ட்டேஜ் 180-க்கு இறங்கிவிட்டால்? 180-ஐ 53-ஆல் வகுத்தால் 3.4 ஆம்பியர். இதை 180-ஆல் பெருக்கினால் சுமார் 612 வாட். 1,000 வாட் பெட்டி, 612 வாட் பெட்டியாகிவிடுகிறது! சட்டையின் சுருக்கம் போகாததற்குப் பெட்டியைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

(சூடேற்றும் சாதனங்களுக்குத்தான் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். மோட்டார் உள்ள மிக்சி, மின்விசிறிக்குக் கொஞ்சம் மாறும்.)

ரெயில் கம்பி

பிளக்கைச் சுட வைத்த அதே சூடு, ரெயில்வே என்ஜினீயர்களுக்கும் தலைவலிதான்.

சென்னையில் மின்சார ரெயில் முதன் முதலாக 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடியது. அப்போது கம்பியில் 1,500 வோல்ட். அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் வரை 1979-ல் மின்மயமானது. இந்தப் பாதைக்கு 25,000 வோல்ட்!

ஏன் இவ்வளவு? அதே வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

ரெயிலுக்கு 10 லட்சம் வாட் சக்தி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1,500 வோல்ட்டில் அனுப்பினால், கம்பியில் 667 ஆம்பியர் ஓடும். 25,000 வோல்ட்டில் அனுப்பினால், 40 ஆம்பியர் போதும். ஒரே தடை உள்ள கம்பியாக இருந்தால், சூடாக வீணாகும் சக்தி ஏறக்குறைய 278-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மெல்லிய கம்பியே போதும். செலவும் மிச்சம்.

ஆனால், 25,000 வோல்ட் கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்று நினைக்கக்கூடாது. பக்கத்தில் போனாலே மின்சாரம் பாய்ந்துவிடும். 2 மீட்டர் தூரத்துக்குள் போகக்கூடாது என்று ரெயில்வே எச்சரித்து இருக்கிறது. ரெயில் பெட்டியின் கூரை, அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது.