ஓட்டக் காலணியை மதிப்பிடுதல்



புனே பன்னாட்டு மாரத்தான் ஓட்டம் 1983ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இன்று வைகறைப் பொழுதில் வேதாள் குன்றின் மண்பாதைக்குச் சென்றால் ஓட்டப் பயிற்சி செய்வோர் பலரைக் காணலாம். அவர்களுள் உங்கள் பெற்றோரும் இருக்கலாம், நீங்களும் இருக்கலாம்.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளி விளையாட்டு விழாவிற்காகப் பயிற்சி செய்துவந்தான். எடை குறைந்த, குதிப்பகுதி தாழ்ந்த காலணி அணிந்தால் விரைந்து ஓடலாம் என நண்பர்கள் கூறினர். தந்தையார் சேமித்து வைத்திருந்த பணத்தில் அத்தகைய காலணியை வாங்கினான். முதல் நாளே அதனை அணிந்து ஐந்து கிலோமீட்டர் ஓடினான். மறுநாள் கெண்டைக்கால் வலித்தது. அவ்வலியைப் பொருட்படுத்தாது தொடர்ந்து ஓடினான். விழா நாளில் அவன் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தான். அக்காலணியில் குறை ஏதுமில்லை. அவன் அதனை மதிப்பிட்ட முறையிலும் பயன்படுத்திய முறையிலுமே குறை இருந்தது.

எடை

ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் அடிகள் வைக்கிறோம் எனக் கொள்வோம். ஒவ்வொரு காலும் ஐந்நூறு முறை காலணியைத் தூக்குகிறது. காலணியின் எடை 100 கிராம் கூடினால், ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு கூடும் என ஆய்வாளர் கண்டுள்ளனர். எனவே எடை குறைவதால் நன்மை உண்டு. ஆனால் அந்நன்மை சிறிதே. எடையை ஒப்பிடும்போது ஒரே அளவுள்ள காலணிகளையே ஒப்பிட வேண்டும்.

குதியுயர வேறுபாடு

காலணியினுள் குதிகால் நிற்கும் உயரத்திற்கும் முன்பாதம் நிற்கும் உயரத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கடைகளில் 'டிராப்' என்பர். வழக்கமான ஓட்டக் காலணிகள் பலவற்றில் இது 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். 4 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவும் தாழ்ந்த வேறுபாடு எனப்படும். வெறுங்காலில் இது சுழியமாகும்.

இதன் விளைவை நீங்களே உணரலாம். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்லத் தாழ்த்துங்கள். கெண்டைக்கால் இழுபடும். அவ்வாறே, குதிப்பகுதி தாழ்ந்த காலணியில் கெண்டைக்காலும் குதிநாணும் மிகுதியாக உழைக்கின்றன. முழங்காலின் சுமை சற்றுக் குறைகிறது. சுமை மறைவதில்லை, இடம் மாறுகிறது. ஆகவே எது சிறந்தது என்பதை ஓடுபவரின் கால்தான் முடிவு செய்யும்.

எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலுடன் ஓடி வென்றார். 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடியும் வென்றார். வெறுங்கால் ஓட்டத்திற்குப் புகழ்பெற்ற இந்திய வீரர் சிவ்நாத் சிங், 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை ஓடி முடித்தார். இவர்களுக்குத் துணைநின்றது நெடுநாள் பழக்கம்.

வாங்குமுன் காண வேண்டியவை

1. மாலையில் அணிந்து பாருங்கள். பகல் முழுதும் நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். நீண்ட விரலுக்கு முன் கட்டைவிரல் அகலத்திற்கு இடம் இருத்தல் வேண்டும்.
2. காலணியை வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைவதே நன்று. நடுவில் மடிவது நன்றன்று.
3. ஓடும் வழியை எண்ணிப் பாருங்கள். குன்றின் கூர்ங்கற்களை மெல்லிய அடிப்பகுதி தடுக்காது.
4. உழைக்கும் காலத்தைக் கணக்கிடுங்கள். ஓட்டக் காலணி பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பர். வாரம் 25 கிலோமீட்டர் ஓடுவோருக்கு 600 கிலோமீட்டர் என்பது 24 வாரமாகும். வளரும் பிள்ளைகளுக்கு அதற்குள் காலணி சிறியதாகிவிடவும் கூடும்.

பழகும் முறை

புதிய காலணியை முதலில் நடப்பதற்கு அணிக. பின்னர் வாரத்தில் ஓரிரு நாள் சிறிது தொலைவு மட்டும் ஓடுக. மற்ற நாள்களில் பழைய காலணியையே அணிக. வலி இல்லையெனில் சில வாரங்களில் தொலைவைக் கூட்டுக. வளரும் வயதில் குதிகால் எலும்பு முழுமையாக உறுதிப்பட்டிருக்காது. எனவே குதிகால் வலி நீடித்தால் ஓட்டத்தை நிறுத்திப் பெற்றோரிடம் கூறி, மருத்துவரை நாடுக.

அம்மாணவன் இவ்வாண்டு அதே காலணியுடன்தான் ஓடுகிறான். இம்முறை முதல் வாரத்தில் அவன் அதனை அணிந்து ஓடியது பள்ளித் திடலில் ஒரு சுற்று மட்டுமே.

சொற்பொருள்

வைகறை – விடியற்காலம்
கெண்டைக்கால் – முழங்காலுக்குக் கீழே பின்புறமுள்ள தசைப்பகுதி
குதிநாண் – கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்புடன் இணைக்கும் நாண்

பயிற்சி

1. ஒரு காலணியில் குதிகால் 26 மில்லிமீட்டர் உயரத்திலும் முன்பாதம் 22 மில்லிமீட்டர் உயரத்திலும் நிற்கின்றன. குதியுயர வேறுபாடு யாது?
2. 'சுமை மறைவதில்லை, இடம் மாறுகிறது' – விளக்குக.
3. உங்கள் காலணியை மதிப்பிட்டு, ஊரில் உள்ள தாத்தாவிற்கோ பாட்டிக்கோ கடிதம் எழுதுக.