கடலில்லா ஊரில் கடலியல் பாடம்

"கடலியல் என்பது நாகப்பட்டினத்துப் பிள்ளைகளுக்கும் தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கும் உரிய படிப்பு. பெரம்பலூரிலும் அரியலூரிலும் பிறந்தவர்களுக்கு அதனால் என்ன பயன்?" என்று எண்ணும் பெற்றோர் உண்டு. அன்பு வாசகர்களே! உங்கள் வீட்டுச் சுவரில் பூசிய சிமெண்டே அதற்கு விடை கூறக் கூடும்.

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்நிலத்தைக் கடல் மூடியிருந்தது. அது பல முறை முன்னேறியது, பின்வாங்கியது. பிற்காலத்தில் அதில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் படிந்து இறுகியதே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். இன்று சிமெண்டு ஆலைகள் அதையே வெட்டி எடுக்கின்றன. கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் தென்னிந்தியாவில் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் இலண்டனில் வெளியிட்டார். அன்று முதல் உலக அறிஞர்கள் இம்மண்ணை அறிவர். நம் பிள்ளைகள்தாம் இன்னும் அறியவில்லை!

ஆராய்ச்சிக் கப்பலில் மாணவர் முதலில் கற்பது என்ன? 1983இல் இந்தியாவுக்கு வந்த 'சாகர் கன்யா' போன்ற கப்பல்களிலிருந்து நீண்ட குழாயை இறக்கிக் கடலடிச் சேற்றை எடுப்பர். அதைச் சல்லடையில் கழுவி, நுண்ணோக்கியில் காண்பர். மணலளவே உள்ள ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள் தென்படும். அவற்றின் வகையைக் கொண்டு அக்காலக் கடலின் ஆழத்தையும் வெப்பத்தையும் கணிப்பர். காரைக் களிமண்ணிலும் அத்தகைய ஓடுகள் உள்ளன. ஒரு வாளி நீரும் சல்லடையும் பள்ளியின் நுண்ணோக்கியும் இருந்தால், கப்பலில் செய்யும் பாடத்தின் தொடக்கத்தை இங்கேயே செய்து பார்க்கலாம்.

சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. கடற்படிவுகளுக்கு நடுவே மரம் எவ்வாறு வந்தது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கரை அருகில் இருந்திருக்க வேண்டும் என்பதை அவர்களே கண்டுகொள்வர்.

2020இல் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்களை 'டைனோசர் முட்டைகள்' என்று பலர் நம்பினர். நிலவியலாளர் ஆராய்ந்து, அவை முட்டைகள் அல்ல, படிவுகள் உருண்டு இறுகிய கற்களே என்றனர். கேட்டதை நம்பிவிடாது, ஆராய்ந்து தெளிவதே அறிவியல்.

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே! அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைக் காரைக்கும் சாத்தனூருக்கும் வாரணவாசி அருங்காட்சியகத்திற்கும் அழைத்துச் செல்லுங்கள். கண்டதை வரையட்டும், கண்ட இடத்தைக் குறித்து வைக்கட்டும். ஆனால், அம்மோனைட்டுச் சுருளைப் பெயர்த்து வீட்டிற்கு எடுத்துவர விடாதீர்கள். இடத்தை விட்டுப் பிரிந்த புதைபடிவம், பக்கம் கிழிந்த நூலைப் போன்றது. சுரங்கம் ஒருபுறமும் கைகள் மறுபுறமும் கிழித்துக்கொண்டே போனால், நாளைய மாணவருக்குப் படிக்க எதுவும் எஞ்சாது.