பாட்டியின் பெயர் எந்தப் புத்தகத்தில்?

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த வாரம், ஈப்போவில் நாம் உட்கார்ந்திருக்கும் சங்க அலுவலகத்துக்கு ஒரு பாட்டி வந்தார். எண்பது வயதை எட்டியவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் சிவப்பு ஐ.சி. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி முதுகு வளைந்தவர். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நீல ஐ.சி. இவருக்கு மட்டும் இன்னமும் சிவப்பு!

"இங்கதான் பொறந்தேன்னு சொன்னா கடுதாசி எங்கேன்னு கேக்குறாங்க தம்பி. எங்கப்பா பேரு ஏதாச்சும் ஒரு பொஸ்தகத்துல இல்லாமலா போயிரும்? வெள்ளைக்காரன் காலத்துல லயம் லயமா வந்து தலை எண்ணுனாங்கன்னு ஆத்தா சொல்லும்" என்றார்.

தலை எண்ணினார்கள், உண்மைதான். 1901, 1911, 1921, 1931 என்று பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணினார்கள். தமிழர் எத்தனை, தெலுங்கர் எத்தனை, மலையாளிகள் எத்தனை என்று தடித்தடியான அறிக்கைகளும் அச்சாயின. சிங்கப்பூரையும் சேர்த்து 1931இல் மலாயாவில் இந்தியர் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்குச் சற்று மேல். 1941இல் யுத்தம், கணக்கெடுப்பு இல்லை. 1947இல் எண்ணியபோது 6 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பதினாறு வருஷத்தில் பெருக வேண்டிய சனம் குறைந்திருக்கிறது! ரப்பர் விலை விழுந்தபோது கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பாதவர்கள் பல்லாயிரம். பாட்டியின் தகப்பனாரும் அதில் ஒருவர்.

ஆனால் அந்த அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் முனியனும் கிடைக்க மாட்டான், மாரியாயியும் கிடைக்க மாட்டாள். அங்கே நாம் வெறும் தொகை.

அயர்லாந்து நாட்டுக் கதையை இங்கே சொல்ல வேண்டும். அவர்களையும் வெள்ளைக்காரன்தான் ஆண்டான். அவர்களும் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அடிபட்டு அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிய குடியானவர்கள். அங்கே 1901, 1911 கணக்கெடுப்புகளில் வீட்டுக்கு ஒரு தாள். குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயர், வயது, தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா என்பதெல்லாம் அதில் உண்டு. 1911இல் கல்யாணமான பெண்களிடம் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடிருக்கிறது என்றுகூடக் கேட்டு எழுதினார்கள். அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. கடல் கடந்துபோன பேரப்பிள்ளைகள் அவற்றைப் பார்த்து, தாத்தா உழுத ஊரைத் தேடிப் போகிறார்கள்.

அங்கேயும் நட்டம் உண்டு. 1922இல் உள்நாட்டுச் சண்டையில் டப்ளின் ஆவணக் கட்டடம் எரிந்து, பழைய கணக்கேடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. ஆனாலும் ஒன்று தப்பியது. 1909இல் எழுபது வயதானவர்களுக்கு அரசாங்கப் பென்ஷன் வந்தது. வயதுக்குச் சான்று கேட்டார்கள். அயர்லாந்தில் எல்லார் பிறப்பையும் பதியத் தொடங்கியதே 1864இல்தான்; கிழவன் கிழவிகள் பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? 1841, 1851 கணக்கேடுகளில் தங்கள் பெயரைத் தேடித் தரும்படி மனுப் போட்டார்கள். ஏடுகள் பின்னால் எரிந்து போனாலும், அந்தத் தேடல் தாள்கள் பிழைத்துக்கொண்டன. ஏழைகள் பென்ஷனுக்காகப் போட்ட மனுதான் இன்று அவர்கள் குடும்பத்தின் வரலாறு!

நம் பாட்டிக்கு அப்படி ஒரு கணக்கேடு இல்லை. வேறு வழியில் தேடினோம்.

முதலில் செக்ரோல். பெரட்டில் பெயர் கூப்பிடும் அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு ஆளின் பெயரும் ஏறியிருக்கும். ஆனால் அந்தத் தோட்டம் கைமாறி, துண்டாடப்பட்டு, இன்று பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. ஆபீஸ் இருந்த இடத்தில் பெட்ரோல் நிலையம். பழைய கிராணி ஒருவரைப் பிடித்துக் கேட்டோம். "கரையான் அரிச்சது போக மிச்சத்தைக் கொளுத்திட்டாங்க" என்றார்.

அடுத்தது 1948 பதிவு. அந்த வருஷம் ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலம் வந்தது. அதையொட்டித்தான் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐ.சி. கொடுத்தார்கள். பாட்டி அப்போது சின்னப் பிள்ளை. தாயார் அதற்கு முன்பே இறந்துவிட்டார். 1957 மெர்டேக்காவுக்குப் பிறகு, இங்கே பிறந்த பெரியவர்கள் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மொழித் தேர்வு இல்லாமல் குடியுரிமை என்றார்கள். வளர்த்த தாய்மாமன் அந்தப் பக்கமே போகவில்லை. கைநாட்டுக்காரர், பாவம். நமது தகப்பனாரும் கைநாட்டுத்தான். யாரோ ஒரு வாத்தியார் இழுத்துக்கொண்டு போனதால் தப்பித்தார்.

கடைசியில் கைகொடுத்தது தமிழ்ப்பள்ளி. தோட்டத்துப் பள்ளியை இடம் மாற்றியபோது, பழைய சேர்க்கைப் பதிவேட்டையும் ஒரு தலைமையாசிரியர் பத்திரமாக அலமாரியில் கொண்டுபோய் வைத்திருந்தார். 1951ஆம் வருஷப் பக்கம். நீல மையில் பாட்டியின் பெயர். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயர். பாதுகாவலர், தாய்மாமன். தகப்பனார் பெயருக்கு எதிரே, "சயாமில் காலம்" என்று அந்தக் காலத்து வாத்தியார் எழுதியிருக்கிறார். கட்டத்தில் அப்படி எழுத இடமே கிடையாது. ஓரத்தில் நுணுக்கி எழுதியிருக்கிறார்.

ஒரு சிக்கல். பள்ளியில் லெட்சுமி, ஐ.சி.யில் லெச்சுமி, கல்யாணப் பதிவில் லட்சுமி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி இருக்கும். இப்போதே எடுத்துப் பாருங்கள்.

டிரங்குப் பெட்டியையும் ஒரு தடவை கிளறிப் பாருங்கள் தோழர்களே. ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீது இருந்தால் அதில் கிராமமும் தாலுகாவும் இருக்கும். கோயில் கல்வெட்டில் உபயகாரர் பெயரும், திருவிழாக் கணக்கு நோட்டில் வரி கொடுத்தவர் பெயரும் இருக்கும். தோட்டம் விற்கப்படும் சேதி கேட்டால், நஷ்டஈட்டுப் பேச்சோடு செக்ரோலின் நகலையும் கேளுங்கள். குப்பை என்று எறிய வேண்டாம், சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

பதிவேட்டின் நகலோடு பாட்டியின் மனு புத்ராஜெயாவுக்குப் போயிருக்கிறது. பதில் வரவில்லை. நகலை வாங்கிய அன்று அவர் எழுத்தைப் படிக்கவில்லை, கண் தெரியாது. "எங்கப்பா பேரு எந்த எடத்துல இருக்கு?" என்று கேட்டு, நம் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைக்கச் சொன்னார்.