ஒரு கொடுக்கை விட்டுவைத்தால் நண்டு பிழைக்கும்!

நண்டு பிடித்தால் முழுதாகக் கரைக்குக் கொண்டுவந்து விற்பதுதான் வழக்கம். அமெரிக்காவின் புளோரிடா கடலில் கிடைக்கும் 'ஸ்டோன் கிராப்' நண்டுக்கு மட்டும் விதி வேறு. அதன் கொடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, நண்டை உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும். இழந்த கொடுக்கு மறுபடி வளரும் என்பதே இதற்கு அடிப்படை. ஆனால், நண்டு உயிர் பிழைத்தால்தானே கொடுக்கு வளரும்?

முறிக்கும் இடம் முக்கியம்

எதிரியிடம் சிக்கினால் கொடுக்கைக் கழற்றிவிட்டுத் தப்புவது நண்டின் இயல்பு. கொடுக்கின் அடியில் இதற்கென்றே ஒரு முறிவுக்கோடு உண்டு. அந்த இடத்தில் முறிந்தால் உள்ளிருக்கும் சவ்வு காயத்தை மூடி, இரத்தம் கசியாமல் காக்கும். அவசரத்தில் முறுக்கி இழுத்தால் உடம்புச் சதையும் சேர்ந்து பிய்ந்துவிடும். பிறகு அந்த நண்டு பிழைப்பது கடினம். படகில் இருக்கும் நேரத்தில் நண்டுகளை நிழலில் ஈரமாக வைத்திருப்பதும் அவசியம்.

ஒன்றா, இரண்டா?

போதிய அளவு இருந்தால் இரண்டு கொடுக்குகளையும் எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் 1970-களில் நடந்த ஆய்வில், ஒரு கொடுக்கை இழந்தவற்றில் 28 சதவிகிதமும், இரண்டையும் இழந்தவற்றில் 47 சதவிகிதமும் இறந்தன. சிப்பி, நத்தைகளின் ஓட்டை நொறுக்கித் தின்னும் நண்டுக்குக் கொடுக்குதான் ஆயுதம். சாப்பாட்டுக்கும் அதுவே வழி. புதுக் கொடுக்கு, நண்டு ஓடு உரிக்கும்போதுதான் வெளிப்படும். முதலில் சிறிதாகத்தான் இருக்கும். பழைய அளவை எட்ட ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஓடு உரிக்க வேண்டும்.

கட்டுப்பாடுகள்

* அக்டோபர் 15 முதல் மே 1 வரை மட்டுமே கொடுக்கு எடுக்கலாம்.
* கொடுக்கின் நீளம் குறைந்தது 2 7/8 அங்குலம் (சுமார் 73 மி.மீ.) இருக்க வேண்டும். 2020-க்கு முன்பு இது 2 3/4 அங்குலமாக இருந்தது.
* முட்டை சுமக்கும் பெண் நண்டின் கொடுக்கைத் தொடக் கூடாது.
* சிறிய நண்டுகள் வெளியேற, பொறிகளில் 2 3/16 அங்குல வளையம் இருக்க வேண்டும். 2023-ல் இது கட்டாயமானது.
* பொறியின் ஒரு பகுதி கடலில் மக்கிப்போகும் பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். தொலைந்துபோன பொறியில் நண்டுகள் அடைபட்டுச் சாகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

இந்த விதிகள் அளவையும் காலத்தையும் பார்த்துக்கொள்கின்றன. சரியான இடத்தில் முறிப்பதும், ஒரு கொடுக்கை விட்டுவைப்பதும் மீனவர் கையில்தான் இருக்கிறது. பிழைக்கும் நண்டுதான் பின்னொரு பருவத்தில் மறுபடி கொடுக்குத் தரும்.