கம்ப்ரெசர் பெடலுக்குள் ஒரு பால் அடுப்பு

பால் காய்ச்சுகிறவர் கண் தீயில் இருக்காது, பாலில்தான் இருக்கும். நுரை விளிம்புக்கு ஏறினால் கை சட்டென்று அடுப்பைச் சிம்முக்குக் கொண்டுபோகும். அடங்கியதும் மெல்லத் தீயைக் கூட்டும். கிட்டார் கம்ப்ரெசர் பெடல் செய்வதும் இதைத்தான். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரத்து எம்எக்ஸ்ஆர் நிறுவனம் 1970களில் விற்ற டைனா காம்ப்பின் சுற்றை இன்றும் பலர் வீட்டில் சால்டர் செய்து பார்க்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.

அதில் தீ என்பது சிஏ3080 என்ற சிப். தந்தியின் சிறு மின்னலையை எத்தனை மடங்கு பெருக்குவது என்பது, அதன் ஒரு காலுக்குள் போகும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. பால், சிப்பிலிருந்து வெளியே வரும் ஒலி. அது எகிறினால் டிரான்சிஸ்டர்கள் ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைக் காலிசெய்கின்றன. மின்னோட்டம் குறைகிறது, தீ தணிகிறது. ஒலி ஓய்ந்ததும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கெபாசிட்டர் மெதுவாக நிரம்ப, தீ மறுபடி ஏறுகிறது.

ஆக, யாரும் வாசிக்காதபோது அடுப்பு முழுத் தீயில் எரிகிறது. கட்டி முடித்தவுடன் "ஸ்ஸ்" என்று இரைச்சல் கேட்டதும் எங்கோ சால்டர் சரியில்லை என்று பெட்டியைப் பிரிப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் குறை இராது. வெறும் பாத்திரம் சூடாகும் சத்தம் அது.

சென்சிடிவிட்டி திருகு அந்த முழுத் தீ எவ்வளவு பெரிது என்பதை முடிவுசெய்கிறது. பெரிதாக வைத்தால் பால் நொடியில் பொங்கும், கை அடுப்பை விட்டு நகராது. அழுத்தமும் இரைச்சலும் சேர்ந்தே கூடுவது இதனால்தான். அவுட்புட் திருகு வெறும் ஒலியளவுக்கு. ஆனால் சோதனையில் முதலில் சரிசெய்ய வேண்டியது அதுதான். பெடல் போட்டாலும் எடுத்தாலும் ஒரே அளவு கேட்கும்படி வையுங்கள். இல்லையென்றால், சத்தம் கூடியதையே தரம் கூடியதாகக் காது எடுத்துக்கொள்ளும்.

சுவையான இடம் அந்த 150 கிலோ ஓம். அதை 10 மைக்ரோஃபாரடோடு பெருக்கினால் 1.5 விநாடி, ஏறக்குறைய அவ்வளவு நேரத்தில் தீ பெருமளவு மீள்கிறது. பலர் இந்த ரெசிஸ்டருக்குப் பதிலாக ஒரு திருகை வைத்து, மேலே "அட்டாக்" என்று ஒட்டுகிறார்கள். அடுப்பை அணைக்கும் வேகம் அதனால் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது தீயைத் திரும்பக் கூட்டும் வேகம். சோதித்துப் பாருங்கள். ஒரு தந்தியை ஓங்கி மீட்டுங்கள், கையால் அமர்த்துங்கள், உடனே அதே தந்தியை மென்மையாகத் தொடுங்கள். 150 கிலோ ஓமில் இரண்டாவது ஸ்வரம் அமுங்கி ஒலிக்கும். 50 கிலோ ஓமில், அதாவது அரை விநாடிக் கணக்கில், அது நிமிர்ந்து வரும். இன்னும் குறைத்தால் தீ பதற்றத்தோடு ஏறி இறங்கும், தடித்த தந்திகளில் ஒலி கரகரக்கும். என் காதுக்கு 50-ஐ ஒட்டிய இடமே பிடிக்கிறது. நீண்டு இழையும் மெட்டுக்குப் பழைய 150 தேவலை.

காதை நம்பாதவர்கள் கணினியில் ஆடாசிட்டி மென்பொருளைத் திறந்து, பெடல் இல்லாமல் ஒருமுறையும் பெடலோடு ஒருமுறையும் ஒரே கார்டைப் பதிவுசெய்யலாம். முதல் படம் கூம்பாக ஒடுங்கும். இரண்டாவதில் தலை தட்டையாகி வால் பருத்திருக்கும். மஞ்சள் நிற மலிவு மல்டிமீட்டர் இதற்கு உதவாது. அதன் ஏசி அளவு பெரும்பாலும் 200 வோல்ட்டில்தான் தொடங்கும். கிட்டார் தருவது மில்லிவோல்ட் கணக்கு.

கடைசியாகப் பெட்டிக்குள் இருக்கும் சிறிய டிரிம்மர். ஓங்கி மீட்டும்போது ஒலியோடு "துப்" என்று ஓர் உதை கேட்டால், அது மிகக் குறையும் இடம்வரை ஸ்க்ரூடிரைவரால் திருப்பிவிட்டு மூடியை மாட்டுங்கள்.