பழகாத கல்லும் கணக்கு வராத பிள்ளையும்

புது இரும்புத் தோசைக்கல்லில் முதல் தோசை ஒழுங்காக வராது. ஒட்டும், கிழியும், சுரண்டித்தான் எடுக்கவேண்டும். ‘கல்லே சரியில்லை’ என்று நினைக்கும் வீட்டில் அது பரணுக்குப் போகிறது. ‘இன்னும் பழகவில்லை’ என்று நினைக்கும் வீட்டில் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவிக் காயவைத்து, பாதி வெங்காயத்தால் தேய்த்து, மறுபடி எண்ணெய் விடுகிறார்கள். சூட்டில் எண்ணெய் இறுகிப் படலமாகப் படியப் படிய, தோசை தானாக விளிம்பு தூக்கும். பரணில் கிடந்த கல்லோ துருப்பிடிக்கிறது. அது மோசமான கல் என்ற பேச்சு அதன்பின் நிஜமாகிவிடுகிறது.

கணக்கில் 35 வாங்கிய பிள்ளைக்குள் நடப்பதும் இதுதான். அறிவு பிறக்கும்போதே அளந்து கொடுக்கப்பட்டது என்று நம்பினால், அந்த மதிப்பெண் ஒரு தீர்ப்பு. தீர்ப்பு வந்தபின் உழைப்பானேன்? கடினமான கணக்கை விட்டுவிடுகிறது. சந்தேகம் கேட்கக் கூசுகிறது. பயிற்சி குறைகிறது, அடுத்த தேர்விலும் மதிப்பெண் குறைகிறது, நம்பிக்கை இன்னும் கெட்டிப்படுகிறது.

இந்த நம்பிக்கையைப் பெரும்பாலும் நாம்தான் ஊட்டுகிறோம், அதுவும் பாராட்டாக. அமெரிக்க உளவியலாளர்கள் கிளாடியா மியூல்லரும் கரோல் டிவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புதிர்களைப் போட்டு முடித்ததும் சிலரை ‘புத்திசாலி’ என்றார்கள். சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்கள் கொடுத்தார்கள், எல்லாரும் திணறினார்கள். மறுபடி பழைய தரத்துப் புதிர்களைக் கொடுத்தபோது, உழைப்புக்குப் பாராட்டு பெற்றவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் முன்னைவிடச் சறுக்கினார்கள். வேறு பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு எழுதிய குறிப்பில், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். முகம் தெரியாத ஒருவரிடம்கூடப் பொய் சொல்லும் அளவுக்கு அந்தப் பட்டம் பாரமாகிவிட்டது. இந்த ஆய்வில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

ஆனால் திறமை வளரும் என்ற நம்பிக்கை மட்டும் போதாது. ‘முயற்சி செய், முயற்சி செய்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பது, எண்ணெய் காட்டாத கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே இருப்பதைப் போல. 2019-ல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் ஒன்பதாம் வகுப்பு மாணவர் சுமார் 12,000 பேர் பங்கேற்றனர். திறமை வளரக்கூடியது என்ற பாடத்தை ஒரு மணிக்கும் குறைவான நேரம் கணினியில் படித்த பின்தங்கிய மாணவர்களின் சராசரித் தரப்புள்ளி, 4-க்குச் சுமார் 0.1 கூடியது. சின்ன உயர்வுதான். கடினமானதை முயல்வதைச் சக மாணவர்களும் மதித்த பள்ளிகளில்தான் பலன் நின்றது. அடுப்பில் தீ இல்லாமல் கல் பழகாது.

விடைத்தாள் வீட்டுக்கு வரும் நாளில், ‘எனக்கும் கணக்கு வராது, உனக்கும் வராது’ என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளையோடு உட்கார்ந்து, எந்தப் படியில் தவறியது என்று தேடுங்கள். அந்த ஒரு கணக்கை வேறு வழியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.